வெட்டிய கை

கறிக்கடைக்காரருக்கு ரத்தம் என்றாலே ஆகாது. விடிந்தால் ஆடு அறுக்கிற மனுஷருக்கு இப்படி ஒரு கூத்து! அறுத்த ஆட்டின் ரத்தம் முழுக்க வடிந்தாக வேண்டும். லுங்கியில் ஒரு துளி தெறித்தாலும் மாற்றாமல் தொழப் போகமாட்டார். ரத்தத்தை உண்பது ஹராம், மார்க்கம் விலக்கியது, சரி. அதை அவராகவே இழுத்து நீட்டி, ரத்தம் கொடுப்பதும் ஏற்றுவதும் ஹராம் என்று முடிவுகட்டியிருந்தார். யாரையும் கேட்கவில்லை. மூக்குநுனியில் கோபம் இருக்கிறவருக்குக் கேட்க எங்கே நேரம்?

ஒருநாள் கடையில் கூட நிற்கிற அவருடைய சொந்தத் தம்பி முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தான். பள்ளிவாசல் முற்றத்தில் ரத்ததான முகாமாம். கறி வாங்க வந்தவர்கள் முன்னாலேயே அண்ணன் அவனைக் கன்னத்தில் அறைந்தார். தம்பி நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். தராசு சரிந்து விழுந்தது.

"தெரியலைன்னா பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் போய்க் கேளுண்ணே. சும்மா மார்க்கம் பேசாதே."

அவ்வளவுதான். கையில் கத்தி இருந்தது அவருக்கு நினைவில்லை. வீசிய வீச்சு தம்பியின் தொடையில் ஆழமாக இறங்கியது. ரத்தம் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. எந்தக் குழாய் அறுந்தால் உயிர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தொழிலில் கண்டவர். அதனால்தான் அப்படி அலறினார். துண்டால் இறுக்கிக் கட்டி, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்கமாட்டான் என்றார் டாக்டர். அந்த வகை இருப்பில் இல்லை. சோதித்ததில் அண்ணனுடையது பொருந்தியது. அவர் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார்.

"குடிக்கத்தான் தடை. உயிர் போற நேரத்துல ஏத்தலாம். விலை பேசாமக் கொடு. இதை வெள்ளிக்கிழமை ஜும்மா பயான்லயே சொன்னேனே, நீ எங்க இருந்தே?"

முதல் வரிசையில்தான் இருந்தார். கத்தி தீட்டுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

சேதி கேட்டு ஓடிவந்திருந்த தம்பி மனைவி அவரை முறைத்துக்கொண்டே நர்ஸிடம் சொன்னாள்: "எடுத்துக்கோங்க. ஆனா என் வீட்டுக்காரர் கண் முழிக்கறப்போ இவர் முகம் இங்க இருக்கக் கூடாது."

அதற்கு வழி இருந்தது. கதவருகே போலீஸ்காரர் காத்திருந்தார்.

அண்ணன் படுத்து வலது கையை நீட்டினார். முழங்கை மடிப்பு முழுக்க ரத்தம் காய்ந்து கிடந்ததில் நர்ஸுக்கு நரம்பே தெரியவில்லை. ஈரப் பஞ்சால் அழுத்தித் தேய்த்தாள்.

"மெதுவாத் துடைம்மா," என்றார். "அது என் தம்பியோடது."