ஊக்கு இல்லாத ஒன்பது நாட்கள்

முகோயாவைப் பார்க்கும் முன் நான் பார்த்தது அவருடைய ரப்பர் பூட்ஸைத்தான். பட்டம் வாங்கிய கையோடு, கரும்பு விளையும் மயூகே பக்கத்து ஊர்களில் சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். கரும்பு வெட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். சொந்த வாசலில் முழங்கால்வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதும் தப்பு. ஒரு காலால் இன்னொரு காலை இடிப்பார், எழுவார், நாலடி நடப்பார், திரும்ப உட்காருவார்.

“பூட்ஸக் கழட்டுங்கய்யா, பாக்கணும்.”

“கழட்டுனா பாம்பு கடிச்சிரும்.”

“வாசல்லயா?”

“எங்க வாசல்ல கடிக்கும்.”

அவர் மனைவி தகுவா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். “கடிக்கிறதுக்கு எடம் எங்க இருக்கு? அந்தக் கால்லதான் ஒரு ஊரே குடியிருக்கே!”

ஒருவழியாகக் கழற்றினார். மணல் தெள்ளு, தோலுக்குள் புகுந்து முட்டை வைக்கும் பூச்சி. விரலிடுக்கு, நகக்கண், குதிகால் எங்கும் பட்டாணிபோல் வீங்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் கரும்புள்ளி. யாரோ வைத்த சாபம் என்றார்கள் ஊரில். சோம்பேறிக்கு வருவது என்றார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து முகோயா பூட்ஸுக்குள் போனார். வாரம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு ஊக்கால் தோண்டுவார். அதே ஊக்கு பக்கத்து வீட்டுக் கால்களுக்கும் போய் வரும்.

ஒன்பது நாளில் மகள் கவுமாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வருவதாக இருந்தது. செருப்பை வாசலில் விட்டு, பாயில் அவர்களோடு உட்கார வேண்டும். தம்பியை உட்கார வைத்துவிட்டுத் தான் கரும்புக்காட்டுக்குப் போய்விடலாம் என்பது முகோயாவின் கணக்கு.

“நீங்க பாயில உக்காரலன்னா நான் வெளியவே வரமாட்டேம்ப்பா” என்று கவுமா சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவர் காலை நீட்டினார். நான் கொண்டுபோன மருந்து எண்ணெயைத் தடவியாயிற்று. தெள்ளு அதில் மூச்சு முட்டிச் சாகும், செத்தது தானே உதிரும், ஊக்கு மட்டும் படக்கூடாது. தகுவா தெள்ளைச் சுமந்துவரும் பன்றியைக் கொட்டிலில் கட்டினாள், புழுதியில் தெள்ளு வளராமல் வீட்டு மண்தரைக்குத் தண்ணீர் தெளித்தாள், இருந்த ஊக்குகளை எல்லாம் கக்கூஸ் குழியில் போட்டாள்.

மூன்றாம் நாளும் கரும்புள்ளிகள் அப்படியே இருந்தன.

“எல்லாம் உக்காந்து என்னையே பாக்குதுடி. எண்ணெயாம் எண்ணெய்!”

“செத்தது எப்படிப் பாக்கும்? கையக் கட்டுங்க, கவுமாப்பா.”

இந்த இடத்தில்தான் ஊரே தவறியது. புள்ளி போகவில்லை என்று தோண்டுவார்கள், புண் சீழ் வைக்கும், பழி எண்ணெய்மேல் விழும். அடுத்த வீட்டு வைபாலே என்பவன் அப்படித்தான் வீங்கிய பாதத்தோடு கிடந்தான். முகோயா அவனைப் போய்ப் பார்த்தார். திரும்பும் வழியில் ஆரஞ்சு மரத்தடியில் நின்று முள்ளையே பார்த்தார். ஒன்று ஒடித்தார். எறிந்தார். வீட்டைச் சுற்றி நடந்தார். ஐந்தாம் நாளும் நடந்தார், ஆறாம் நாளும் நடந்தார். நமைச்சல் குறைந்தது, கை மட்டும் அடங்கவில்லை. ஏழாம் நாள் கால் கழுவிய தண்ணீரில், செத்து உதிர்ந்த தெள்ளுகள் கரும்பொருக்குகளாய் மிதந்தன. அவர் அதைக் கொட்ட விடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் வரும் காலை. கவுமா உடைமேல் இடுப்பில் சுற்றிக் கட்டிய துணி வழுக்கி வழுக்கி இறங்கியது. குத்திவிட வீட்டில் ஓர் ஊக்குகூட இல்லை.

முகோயா தொப்பியைக் கழற்றினார். உள்மடிப்பிலிருந்து ஒன்றை உருவினார்.

தகுவா இடுப்பில் கை வைத்தாள். “ஒம்போது நாளும் தலையிலயா வச்சிருந்தீங்க?”

“வச்சிருந்தேன். குத்தல.”

“கொண்டாங்க. கொதிக்க வச்சிட்டுத்தான் பிள்ளைக்கு மாட்டுவேன்.”

அன்று அவர் வெறுங்காலோடு பாயில் உட்கார்ந்தார். பாதமெல்லாம் தழும்பு. யாரும் குனிந்து பார்க்கவில்லை. அவர்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

இப்போது முகோயாவுக்கு அறுபத்திரண்டு வயது. எண்ணெய்ப் புட்டியோடு வீடு வீடாகப் போகிறார். அவர் வீட்டில் உள்ளறைக்குச் சிமெண்ட் பூசியாகிவிட்டது. முன்னறை இன்னும் மண்தரைதான். மழையற்ற மாதங்களில் ஒன்றிரண்டு தெள்ளு அவர் காலிலும் ஏறத்தான் செய்கிறது.