நான்கு தராசுகளில் நின்ற கார்

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் என் அண்ணன் குழந்தைவேலை "ரேஸ் கார் செஞ்சவரு" என்றே சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காருக்குப் பக்கத்தில் நான் பார்த்த அண்ணன் பெரும்பாலும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்.

நாமக்கல்லில் ஒரு பட்டறையில் லாரிகளுக்கு பாடி கட்டுவது அவர் தொழில். மோகனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில், முட்டைக் கோழிகளைக் குறைத்த பிறகு ஒரு கொட்டகை காலியாகக் கிடந்தது. பட்டறை விடுமுறைகளில் அதற்குள்தான் அந்தக் காரைக் கட்டினார். இரும்புக் குழாயில் சட்டம், நொறுங்கிய ஒரு சின்னக் காரின் இன்ஜின், இரண்டே இருக்கை. உயரம் என் இடுப்புக்கு வரும். கூட வேலை செய்த ராசப்பன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இதுல லோடு எங்க ஏத்துவ?" என்று கேட்டார்.

அண்ணனும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. தான் செய்தது காரா, குட்டை லாரியா என்று அவருக்கே நிச்சயமில்லை. கோவைப் பக்கத்துப் பந்தயப் பாதையில் சொந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்க ஒருநாள் விடுகிறார்கள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தார். அங்கே சோதித்துவிட்டு உள்ளே விட்டால், அது கார். திருப்பி அனுப்பினால் பட்டறையில் தலைகாட்ட முடியாது.

பெயர் கொடுத்த பிறகுதான் கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று கண்டார். வாய்க்கால் ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கரும்புக் காட்டைப் பார்த்துப் போகும். டயரை மாற்றினார், இழுத்தது. அலைன்மென்ட் பார்த்தவர் எல்லாம் சரி என்றார், அப்போதும் இழுத்தது. ஓட்டுகிறவரை உட்காரவைத்து நான்கு சக்கரங்களிலும் விழும் எடையைத் தனித்தனியாகப் பாருங்கள் என்று பந்தயக்காரர் ஒருவர் போனில் சொன்னார்.

அண்ணன் எங்கள் வீட்டு எடைமேடைத் தராசோடு இன்னும் மூன்றை ஆளுக்கொன்றாக இரவல் வாங்கிவந்து, சக்கரத்துக்கு ஒன்று வைத்தார். அவர் உள்ளே உட்கார, நான் எண்களை வாசித்தேன். முன் இடதில் எடை குறைந்தது. ஸ்பிரிங்கைத் திருகிச் சரிசெய்தார். சந்தேகம் வந்து தராசுகளை இடம் மாற்றி வைத்ததும், இப்போது முன் வலதில் குறைந்தது.

"அம்மிணி, நீ சரியாத்தான் படிக்கறயா?"

"கண்ணாடி போட்டுட்டுத்தானுங்ணா படிக்கறேன்."

டீ கொண்டுவந்த அண்ணி கோகிலவாணி தராசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஏனுங்க, இது கோழி வாங்க வர்றவனோடதுதான? குறைச்சுக் காட்டும். அது தீவனக் கடையோடது, கூட்டிக் காட்டும். இன்னொண்ணு மரவள்ளிக் கெழங்கு மில்லுக்காரனோடது, அவன் கதை ஊருக்கே தெரியும். அவங்கவங்க தராசு அவங்கவங்களுக்குச் சாதகமா நிக்குது. உங்க காருக்கு யாரு நிப்பா?"

"அப்ப என்ன பண்றது?"

"நம்மூட்டுத் தராசுலயே நாலு சக்கரத்தையும் மாத்தி மாத்தி வைங்க. பொய் சொன்னாலும் நாலுக்கும் ஒரே பொய்யாச் சொல்லும்."

மற்ற சக்கரங்களுக்கு அதே உயரத்தில் பலகை கொடுத்து அப்படியே செய்தோம். எடை சரியாக வந்தது. ரோட்டுக்கு எடுத்துப் போனால், பழையபடி இழுத்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள், போகவில்லை என்று சொல்லிவிட்டார். "அங்க போயி எல்லாருக்கும் முன்னால அசிங்கப்படோணுமா?" அண்ணிதான் அதட்டி, காரை மினி லாரியில் ஏற்றவைத்தார்.

அங்கே சோதித்தவர் அடியில் குனிந்து பார்த்தார், ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார். முன்னால் தொங்கிய எலுமிச்சை மிளகாயைக் காட்டி, "இத எடுத்துருங்க, ஓடும்போது எதுவும் கழண்டு விழக்கூடாது" என்றார். வேறொன்றும் சொல்லாமல் காரில் அனுமதிச் சீட்டு ஒட்டினார். அண்ணன் எலுமிச்சையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு காரைப் பாதைக்குள் ஓட்டிப் போனார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "நேராப் போகுது" என்றார், யாரையோ குற்றம் சொல்வதுபோல. "கைய விட்டாக்கூட நேராப் போகுது!"

"நல்லதுதானுங்ணா?"

"நல்லதுதான். ஆனா ஏன்?"

மறுபடி போனார். மறுபடியும் நேராகவே ஓடியது. ஊர் திரும்பியதும் சாப்பிடக்கூடச் செய்யாமல் காரை வாய்க்கால் ரோட்டில் இறக்கினார். கரும்புக் காட்டைப் பார்த்து இழுத்தது.

காரை நிறுத்தி இறங்கி, தார் மேல் கன்னத்தை வைத்துப் படுத்து, பலகையின் கோணலைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். மழைத் தண்ணீர் வடிய, நடுவில் மேடாக்கி இரண்டு ஓரமும் சரித்துப் போட்ட ரோடு அது. அவர் எப்போதும் இடது ஓரத்துச் சரிவிலேயே ஓட்டுகிறவர்.

"அப்ப கார் மொதல்ல இருந்தே சரியாத்தான இருந்துச்சு?" என்றார் அண்ணி.

"சரியா இருந்துச்சுன்னா," என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல், "நான் இத்தன நாளா எதச் சரி பண்ணுனேன்?"

பின்னால் ஒரு கரும்பு டிராக்டர் வந்து ஹாரன் அடித்தது. அண்ணன் படுத்தபடியே கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.