பச்சை அடித்த பேன்ஜோ

பட்டறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூண்டு கட்டிக்கொண்டிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவே, காய்வதற்காகக் கயிற்றில் தொங்கியது என் பேன்ஜோ வாத்தியம். கிளிப்பச்சை நிறத்தில். ஓரமெல்லாம் மஞ்சள் கோடு, முதுகில் செந்தாமரை, கழுத்து முனையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும்.

என் பேன்ஜோ என்று சொன்னது தப்பு. அது இரவல். கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அன்று வெள்ளிக்கிழமை.

ஆழ்துளைக் கிணறு போர் போடும் ரிக் வண்டிக்கு மேனேஜராக மேகாலயா மலைகளில் ஆறு வருடம் கிடந்தவன் நான். மழை பிடித்துக்கொண்டால் வண்டி நகராது. அந்த நாட்களில் பக்கத்து வீட்டில், மர மில்லில் வேலை பார்த்த ஒருவர், கூட்டாளிகளோடு உட்கார்ந்து அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு வாசிப்பார். புளூகிராஸ் என்று பெயர் சொன்னார்கள். கிட்டார், மேண்டலின், பிடில் மூன்றும் தொப்பூர் கணவாயில் பிரேக் இல்லாமல் இறங்கும் லாரிகள் போல ஒன்றை ஒன்று துரத்தும். முதல் தடவை கேட்டபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உறுமியும் பம்பையும் கேட்டு வளர்ந்த காதுக்கு, இப்படி ஓடுகிற கம்பிச் சத்தம் பெரிய அதிர்ச்சி.

அவர் வீட்டுச் சுவரில் கறுப்பாக ஒரு பேன்ஜோ தொங்கும். அதை மட்டும் அவர் தொடமாட்டார். நான் கேட்டபோது இறக்கிக் கொடுத்தார். வட்டமான தோல் முகம், நீண்ட கழுத்து, ஐந்து கம்பிகள். ஐந்தாவது கம்பி மட்டும் பாதிக் கழுத்திலேயே முடிந்துவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் தகட்டு நகம் மாட்டி, கம்பிகளை மாறி மாறி மீட்டி உருட்ட வேண்டும். உருட்டு படிய எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. வேலையை விட்டு ஊர் திரும்பியபோது, "இங்கே சும்மா தொங்குவதற்குப் பதில் உன்னிடம் கத்தட்டும்" என்று கொடுத்தனுப்பினார்.

பேன்ஜோவில் எங்கும் கம்பெனிப் பெயர் இல்லை. அதுதான் எனக்குப் பித்தாகிவிட்டது. பெயர் தெரியாத வாத்தியங்களைத் தேடி அலைந்தேன். சேலத்தில் பழைய சாமான் கடையில் கல்கத்தாச் சீட்டு ஒட்டிய ஒரு கிட்டாரையும், ஓமலூரில் பாதிக் கம்பி இல்லாத ஒரு மேண்டலினையும் பிடித்தேன். பேன்ஜோவின் படத்தைப் போனில் உலகமெல்லாம் உள்ள வாத்தியப் பித்தர்களுக்கு அனுப்பினேன். கறுப்பைப் பார்த்துவிட்டு, நூறு வருடத்து வார்னிஷ் என்றார்கள். அன்று முதல் அதை ஈரத்துணி பட விட்டதில்லை.

அவர் வருவதாகச் சொன்ன அந்த வாரம், தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளில் ஒன்று ஒடிந்தது. தெரிந்தவன்தானே என்று நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில், வெல்டிங் வைத்து வாங்கச் சொல்லி பெயின்டரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன்.

"ஏப்பா, கொக்கிய மட்டுந்தான பத்த வெக்கச் சொன்னேன்?" என்றேன்.

"ஏனுங்ணா, பட்டறைக்கு வந்த வண்டிய பெயின்ட் அடிக்காம அனுப்புனா எங்களுக்குத்தானுங்க கேவலம்! உங்க பொருளாச்சேன்னு முழுசா பாத்துட்டனுங்க. சுத்தியும் ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. அத்தனையும் பட்டி வெச்சு அடச்சாச்சு."

தோலைச் சுற்றியுள்ள தகட்டில் இருந்த அந்த ஓட்டைகள்தான் சத்தம் வெளியே வரும் வழி.

"நூறு வருசத்துக் கறுப்புய்யா அது! அழிச்சுட்டயே!"

"எங்கீங்ணா நூறு வருசம்? கதவுக்கு அடிக்கற எனாமலுங்க. அடீல நல்ல நீலம் இருந்துச்சு. அதையுஞ் சொரண்டிட்டுத்தான் பிரைமர் உட்டேன். ஆனா மாதிரிக்கின்னு..."

மேற்கொண்டு கேட்க எனக்குப் பொறுமை இல்லை. பேன்ஜோவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனாமலா? அத்தனை வருடம் நான் கும்பிட்டுக்கொண்டிருந்தது கதவு பெயின்டையா? வெட்கக்கேடு.

சனிக்கிழமை முழுக்க ஆணியால் பட்டியைக் குடைந்து எடுத்தேன். சத்தம் திரும்பியது. பச்சையும் தாமரையும் அப்படியே இருந்தன.

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதுங்களே. ஏனுங்க நீங்களாப் போயி வாயக் குடுக்கறீங்க?" என்றாள் மனைவி.

அவள் சொன்னதும் நிஜம்தான். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரிந்தன. சேலத்தில் நர்சாக இருக்கும் அவர் மகள் ஆபரேஷனுக்காக வரவழைத்திருந்தாள். அவருக்கோ இஷ்டமே இல்லை. இந்த வயதில் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது என்று போனில் என்னிடமே சொல்லியிருந்தார்.

ஞாயிறு மதியம் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேன்ஜோவை மடியில் வைத்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"பெயின்ட்," என்றார்.

அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான். அதிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பச்சை, தாமரை, எலுமிச்சம்பழம் வரைக்கும். கறுப்பு போய்விட்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"கறுப்பு போகட்டும். மனைவியை அடக்கம் செய்த வாரம் நான் அடித்தது," என்றார். "நீலம்?"

"அதுவும் போய்விட்டது."

"நீலம் அவள் அடித்தது. பார்க்கத் தாங்காமல்தான் மேலே கறுப்பை அடித்தேன். அடியில் இருக்கிறதே என்று இருந்தேன்."

இரண்டு நாளாக நான் அழுதது எதற்கோ. கெட்டுப்போனது வேறு எதுவோ. அப்போதுதான் பெயின்டர் சொல்ல வந்த "மாதிரிக்கின்னு" நினைவுக்கு வந்தது. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"அதத்தானுங்ணா சொல்ல வந்தேன்! எந்த வண்டின்னாலும் மறைவா ஒரு எடத்துல பழைய கலர உட்டு வெப்பமுங்க. நாளைக்கு ஓனர் அதே கலரக் கேட்டா என்ன பண்றது? கழுத்து தோலோட சேருதுல்லீங்க, அதுக்கு அடீல பாருங்க."

பேன்ஜோவைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்தின் அடிப்பக்கம், பச்சை படாமல், கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் இருந்தது. அவருடைய விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

அவர் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு மகள் இருந்த பக்கம் திரும்பினார்.

"ஆபரேஷன் முடிந்து, கண் கட்டை என்றைக்கு அவிழ்ப்பார்கள்?" என்று கேட்டார்.