தாளில் ஏறிய காட்டெருமை

கனானு மல்லுக்கட்டி வாங்கியவை மொத்தம் ஐந்து. அதுவரை ஆண்கள் மட்டுமே பிடித்து வந்த நீள டார்ச் லைட்டு. வழித்துணைக்காரர்களின் தடி. கையை மூன்று மடிப்பு மடிக்க வேண்டியில்லாமல் அவள் அளவுக்கே தைத்த பச்சைக் கம்பளிக் கோட்டு. இதற்கு மட்டும் இரண்டு வருஷம் பிடித்தது. சமையல்கட்டுக்குப் பின்னால், கணப்பைச் சுற்றி வழித்துணைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் ஓர் இடம். ஐந்தாவது, ஒரு தாளில் ஒரு காட்டெருமை.

கென்யா மலைச்சரிவில் இருக்கும் அந்த விடுதியில் பதினான்கு மரக்குடில்கள். வெளிச்சம் மங்கிவிட்டால் விருந்தாளி யாரும் குடிலிலிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்குத் தனியே நடக்கக்கூடாது. வாசல் விளக்கைப் போட்டால் வழித்துணை வரும். அது "வாங்க" என்றால் நடக்கலாம், "இருங்க" என்றால் இருக்க வேண்டும். கனானுதான் அந்த வேலைக்கு வந்த முதல் பெண்.

அவளுடைய அக்கா கைருத்திக்கு அதே விடுதியின் சலவைக்கட்டில் துணி தேய்க்கும் வேலை. கைருத்தி நாலாம் வகுப்பு வரை படித்தவள். அந்த நாலு வருஷமும் வீட்டின் ஒன்பது ஆடுகளைக் காட்டோரத்தில் மேய்த்தது தங்கை. அதனால்தான் கனானு பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. அதனால்தான் காட்டெருமையின் வாடை அவளுக்கு நூறடிக்கு முன்பே தெரியும். ஊரில் யாராவது இதைப் பாராட்டிச் சொன்னால் கைருத்திக்குப் பெருமையும் உறுத்தலும் சேர்ந்தே வரும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். ஒன்பதாம் குடிலில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி. அந்த அம்மாவுக்கு அன்று அறுபதாவது பிறந்தநாள். கூடத்தில் கேக் தயாராக இருந்தது. விளக்கு எரிந்ததும் கனானு போனாள். படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். மலைக்காற்றில் வாடை வந்தது.

"இருங்க ஐயா. பக்கத்துல எருமை நிக்குது."

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே!" என்று அவர் ஒரு ஷூவை மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு என் மனைவியோட நாள். நான் போறேன்."

கனானு அடுத்த ஷூவை எடுத்தாள். வாசற்படியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் கதவை அறைந்து சாத்தினார். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். இருபது நிமிஷம் கழித்துக் கிழட்டு எருமைக்கடா ஒன்று புதரை விட்டு வந்து, பாதையைக் குறுக்கே கடந்து, ஓசையில்லாமல் இறங்கிப் போனது. பார்த்தது கனானு ஒருத்திதான்.

மறுநாள் காலையில் கைருத்தி சலவைத் தொட்டிகளை எண்ணினாள். பன்னிரண்டில் ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினாள். அப்போதும் பதினொன்றுதான்.

"தொட்டியை விடுக்கா, உன் தங்கச்சி ஷூ திருடிட்டாளாமே!" என்றாள் துணி அலசுகிற ஒருத்தி.

"திருடுறதுதான் திருடினா, ஜோடியா திருடக்கூடாதா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கைருத்தி சிரிக்கவில்லை. மேனேஜர் முத்விரி கூப்பிடுவதாக ஆள் வந்தது.

அறையில் மேஜைமேல் விருந்தாளியின் புகாரை எழுதிய ஒரு தாளும் மைப்பெட்டியும் இருந்தன. கனானு நின்றுகொண்டிருந்தாள். "எங்க அக்கா படிச்சுக் காட்டட்டும். அப்புறம் விரல் வெக்கிறேன்."

கைருத்தி விரலை ஓட்டி ஓட்டி மெல்லப் படித்தாள். ஷூ மூன்று இடத்தில் வந்தது. தாள் முடிந்துவிட்டது.

"எருமை எங்க?" என்றாள் கனானு.

"அதை வேற யாரும் பாக்கலையேம்மா," முத்விரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்திலிருந்து காலையிலேயே இரண்டு முறை போன் வந்திருந்தது. "விரலை வெச்சிடு. வழித்துணை வேலைதான் போகும். அக்காகூட சலவையில போட்டுடறேன். வெக்கலேன்னா அதுவும் என் கையில இல்லை."

"எருமை ஏறாத தாள்ல என் விரலும் ஏறாது ஐயா."

"ஏய், பிடிவாதம் பிடிக்காதடி," என்று கைருத்தி முணுமுணுத்தாள்.

"சும்மா இருக்கா. உன் தொட்டி எங்கேன்னு தெரிய வேணாமா? வா."

ஒன்பதாம் குடிலின் பாதையோரம், புல் தேய்ந்த மண்ணில், தொட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு கல். தம்பதியைக் கூடத்தில் விட்ட கையோடு கனானு வந்து மூடி வைத்தது அது. பிறகு பெய்த மழையில் பாதை முழுக்கக் கரைந்திருந்தது. தொட்டியைத் தூக்கினாள். அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, இரண்டாகப் பிளந்த குளம்புத் தடம், அச்சுக் குலையாமல் இருந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்த விருந்தாளி அதையே பார்த்தார். பிறகு தன் வாசற்படிக்குப் போய், அங்கிருந்து அடி எண்ணிக்கொண்டு வந்தார். ஆறு.

பின்னாலேயே வந்த அவர் மனைவிதான் முதலில் பேசினார். "அடுத்த தடவை ரெண்டு ஷூவையும் எடுத்துடும்மா."

"நான் குடுத்த புகாரை நானே திருத்தறேன்," என்றார் அவர்.

முத்விரி புதுத் தாள் எழுதினார். எருமை முதல் வரியிலேயே வந்தது. கனானுவின் வழித்துணை வேலையும் நிலைத்தது. மைப்பெட்டியை நகர்த்தினார். கனானு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இதுல என் பேர் இருக்கணும். வியாழக்கிழமை வரைக்கும் குடுங்க."

"நல்லதா போச்சு! எருமையே இருபது நிமிஷம் காத்திருந்துச்சு, தாள் ரெண்டு நாள் காத்திருக்காதா?" என்றார் முத்விரி.

புதன்கிழமை கனானு ஒரு அட்டையைக் கொண்டுவந்து தேய்ப்பு மேஜையில் வைத்தாள். அடுப்புக்கரியால் வரிசை வரிசையாக எழுதியிருந்தாள். கைருத்திக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லா எழுத்தும் தலைகீழாக நின்றன.

"என்னடி இது?"

"என் பேருதான்," கனானு தன் நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைக் குனிந்து காட்டினாள். "நாலு வருஷமா நான் பாக்குறது இப்படித்தானே."

கைருத்திக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே கண்ணும் கலங்கியது. தங்கையின் கோட்டிலிருந்து பட்டையைக் கழற்றி, நேராகத் திருப்பி, மேஜையில் வைத்தாள். அன்று தேய்க்க வேண்டிய நாற்பத்தொரு விரிப்புகளில் ஆறு பாக்கி நின்றன. அவள் வேலையில் பாக்கி நின்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் முத்விரியின் மேஜையில் கனானு பேனாவை அழுத்திய அழுத்தத்தில் அடியிலிருந்த தாளிலும் பெயர் பதிந்தது. எல்லா எழுத்தும் காலில் நின்றன. பக்கத்தில் தேதி போட இடம் விட்டிருந்தது. அதைக் கைருத்தி எழுதினாள்: 17 மார்ச் 2011, வியாழன்.