என் குறையை எழுதிக் கொடுத்தவள்

யுத்த காலத்தில் மதுரையில், பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் மேற்பார்வை ஆசிரியையாக இருந்தேன். பயிற்சிக்கு வந்த பெண்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துவார்கள். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் குறைகளை எழுதிக் கொடுப்பேன். பதினோரு வருஷமாக அதே வேலை. வீடு தல்லாகுளத்தில். காலையில் வைகைப் பாலத்தைக் கடக்கும்போதே, சாயங்காலம் இதே தூரம் திரும்பி நடக்கவேண்டுமே என்று கால் கனக்கும்.

அந்த வருஷம் எழுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். விவசாயம் பார்க்கும் சம்சாரிக் குடும்பம். கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்விட, ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தாமல் அண்ணன் கொண்டுவந்து சேர்த்திருந்தார். வயது இருபத்தாறு. கூடப் படித்தவர்களெல்லாம் பதினெட்டும் பத்தொன்பதும். எழுத்து வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிள்ளைகள் முன்னால் நின்றால் மட்டும் குரல் உள்ளே போய்விடும்.

ஒருநாள் மூன்றாம் வகுப்பில் அரை, கால், முக்கால் பாடம். பாதியில் நின்றுவிட்டாள். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கின. நான் எழுந்து போய் அவள் கையிலிருந்த சாக்குக்கட்டியை வாங்கி, மீதிப் பாடத்தை நானே நடத்தி முடித்தேன். எனக்குக் கோபமொன்றும் இல்லை. தலைவலி. எப்படியாவது மணியடித்தால் போதும் என்றிருந்தது. அவள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு அவள் முறை வரும் நாளிலெல்லாம் வேறு யாராவது பாடம் நடத்தினார்கள். கேட்டால் உடம்புக்கு முடியவில்லை என்பாள். பாடக் குறிப்பைக்கூட அடுத்தவளிடம் கொடுத்தனுப்பினாள். கடைசியில், தன்னை வந்து அழைத்துப் போகும்படி அண்ணனுக்குக் கடிதம் எழுதிவிட்டாள் என்று விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மாள் வந்து சொன்னார். அதைக் கேட்டதும் திருத்தவேண்டிய நோட்டு ஒன்று குறையும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் கூப்பிட்டு விசாரித்தேன். ஒன்றுமில்லை என்றாள். தைரியமாக இரு என்று எல்லாருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. வேறு வழி தெரியாமல், நாளைக்கு நான் நடத்துகிறேன், நீ பின்பெஞ்சில் உட்கார்ந்து என் குறைகளை எழுது என்றேன். தண்டனை என்று நினைத்தாளோ என்னவோ, முகம் வெளிறியது.

நான்கு வரி எழுதித் தந்தாள். மூன்றாவது வரியில், கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளைகள் யோசிக்கும் முன்னே தாங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள் என்றிருந்தது. சுருக்கென்றது. அப்படியா செய்கிறேன் என்று கேட்டேன்.

“ஆமா டீச்சர். அம்புட்டுப் பிள்ளைகளும் வாயத் தொறக்கப் போகுதுக, நீங்க முந்திக்கிறீக. அன்னைக்கு எனக்கும் அப்படித்தான். சொல்ல வேண்டியது நாக்கு வரைக்கும் வந்துருச்சு. இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அவள் என்னிடம் அத்தனை நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“தப்பு என்னுதுதான். இனிமே நீயாக் கூப்பிடாம நான் எந்திரிக்க மாட்டேன்” என்றேன்.

அவள் உடனே நம்பிவிடவில்லை. அண்ணனுக்கு இன்னொரு கடிதம் போட்டு, ஒரு மாதம் பார்க்கிறேன் என்றாள். பாடம் நடுவில் நிற்கும்போதெல்லாம் அவள் கண் என் பெஞ்சுக்கு ஓடும். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். நாள் முழுக்க நின்று பாடம் நடத்துவதைவிட, அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது உடம்பை அதிகம் வாட்டியது. சில நாள் அவளாகத் தொடர்ந்தாள். சில நாள் மணியே அடித்துவிடும். மெதுவாக, புத்தகத்தில் இருந்த மாம்பழம் நறுக்கும் கணக்கை விட்டுவிட்டு, ஒரே கிணற்றுத் தண்ணீரை அண்ணன் தம்பிகள் அரை நாள், கால் நாள் என்று முறை வைத்துப் பாய்ச்சுவதைச் சொல்லிக் கணக்கு நடத்த ஆரம்பித்தாள். வயலையே பார்த்திராத டவுன் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டன.

பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்திருந்தார். பாடத்தின் நடுவில் அவள் மறுபடியும் நின்றுவிட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு அவள் குரல் கேட்டது. பாடம் முடிந்தது. ‘வேகம் போதாது’ என்று எழுதித் தேர்ச்சி போட்டார்.

உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் சொல்லிக்கொள்ள வந்தாள்.

“போயிட்டு வாரேன் டீச்சர். உடம்பப் பாத்துக்குங்க. மொகமே வாடிக் கெடக்கு.”

ஆறு மாதம் கழித்துக் கடிதம் போட்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பையும் தன்னிடமே கொடுத்துவிட்டார்கள், நான் ஒருநாள் வந்து பின்னால் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். பதில் எழுதவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. லீவு விட்டதும் வருகிறேன் என்று எழுதினேன். லீவு வந்தது. மூன்று நாள் படுத்துத் தூங்கினேன். போகவில்லை.