கரகரன்னு ஒரு மைக் செஞ்சு குடுங்க அக்கா

மைக்னா பேசுறது தெளிவாக் கேக்கணும்னு ஊரே நினைக்குது. என்கிட்ட வர்றவங்க மட்டும், "ரொம்பத் தெளிவா இருக்கு அக்கா, கொஞ்சம் கெடுத்துக் குடுங்க"ன்னு கேக்கிறாங்க.

இவங்கல்லாம் புளூஸ்ங்கிற அமெரிக்கச் சோகப் பாட்டு வாசிக்கிற மவுத் ஆர்கன்காரங்க. மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்து ரெண்டு கைக்குள்ள காத்துப் போகாமப் பொத்திப் பிடிச்சுக்கிட்டு ஊதுவாங்க. அப்பத்தான் தொண்டை கட்டின மாதிரி அந்தக் கரகரப்பு வரும். புது மைக் இதுக்குச் சரிப்படாது. ஒரு காலத்துல டாக்சி கம்பெனியிலயும் பள்ளிக்கூட ஆபீஸ்லயும் மேசை மேல உக்காந்திருந்த உருண்டைத்தலை மைக்குதான் வேணும். ஃபேக்டரியில சர்க்யூட் போர்டு சால்டர் பண்ணிட்டிருந்த நான், இப்ப சிங்கப்பூர்ல, புக்கிட் மேரா வீட்டுல அடுப்படி மேசையில உக்காந்து இதைப் பண்றேன். பழைய கூட்டை வாங்கி, உள்ள சத்தம் வாங்குற வில்லையை மாத்தி, அவங்கவங்க கைக்குத் தக்கபடி செஞ்சு குடுப்பேன்.

ரவிக்கை தைக்கிறவங்க, பிறந்தநாள் கேக் செய்யுறவங்க, ஏர்கான் ரிப்பேர் பண்றவங்க, வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே பொழைக்கிற எல்லாரும் என் கட்சி. உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?

அரிசி வாளி

பழைய மைக் சிலதுல வில்லை உப்புப் படிகத்துல செஞ்சிருக்கும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு அது கரைஞ்சே போயிடும். செங்காங்லேருந்து வந்த ஒரு தம்பிகிட்ட, "ஈரம் படாம வைப்பா, கேமராக்காரங்க வைக்கிற மாதிரி காத்துப் புகாத பெட்டியில வை"ன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். பையன் தலையாட்டிட்டுப் போனான்.

கொஞ்ச நாள்ல புருஷனும் பொண்டாட்டியுமா வந்து நின்னாங்க. மைக்ல யாரோ முறுக்கு கடிக்கிற மாதிரி சத்தம் வருதாம். திறந்து பார்த்தா, ஐயோ கடவுளே, உள்ள குடும்பம் குடும்பமா வண்டு! தண்ணியில விழுந்த கைப்பேசியை அரிசியில புதைக்கிற மாதிரி, இந்த மகராசன் மைக்கை வீட்டு அரிசி வாளிக்குள்ள புதைச்சு வச்சிருக்கான். எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு: "திட்டாதீங்க அக்கா, வண்டெல்லாம் மைக்குக்குள்ள போயிட்டதால எங்க வீட்டு அரிசி இப்ப சுத்தமா இருக்கு."

மச்சான் பேச்சு

கல்யாண விருந்து ஒண்ணுல வாசிக்கப் போனார் இன்னொருத்தர். அங்க பேசுறவங்களுக்கு வச்சிருந்த மைக் செத்துப்போச்சு. மாப்பிள்ளையைப் பத்தி நாலு வார்த்தை பேச எழுந்த இவரோட மச்சான், வெடுக்குன்னு என் மைக்கைப் பிடுங்கிக்கிட்டாராம். கரகரப்புக்குன்னே நான் பாத்துப் பாத்துச் செஞ்ச மைக் அது. அதுல தமிழும் புரியாது, இங்கிலீஷும் புரியாது. மறுநாள் போன் வந்ததும் என் மைக்கைத்தான் குறை சொல்லப் போறார்னு பயந்துட்டேன். அவர் குரல்ல அப்படி ஒரு சந்தோஷம்: "என் மச்சான் பேச்சுக்கு ஜனங்க கை தட்டி நான் நேத்துத்தான் பார்த்தேன் அக்கா!"

யூசுப் பாய் கொண்டுவந்த கடகடப்பு

உட்லண்ட்ஸ்ல மினிமார்ட் வச்சிருக்கிற யூசுப் பாய் என்னோட பழைய வாடிக்கை. சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோட சேர்ந்து லிட்டில் இந்தியாவுல ஒரு சின்ன கஃபேயில வாசிப்பார். தங்கமான மனுஷன். ஒருநாள் மைக்கைக் கொண்டுவந்து, உள்ள ஏதோ கடகடன்னு ஆடுதுன்னார். பிரிச்சேன், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்கினேன், சால்டரை மறுபடி வச்சேன். என் மேசையில ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. வாங்கிட்டுப் போனவர் அடுத்த வாரமே திரும்ப வந்தார். மறுபடி பிரிச்சேன். மறுபடி வந்தார். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "என் வேலையில குத்தம் கண்டுபிடிக்கவே வர்றீங்களா பாய்?"ன்னு கேட்டே கேட்டுட்டேன். அவர் கோவப்படலை. கையிரண்டையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, மெதுவாச் சொன்னார்: "குத்தம் மைக்குலதான்னு நீ சொல்லிடு தங்கச்சி, அது போதும் எனக்கு."

தேத்தண்ணி

அந்தப் பேச்சு என்னைச் சும்மா விடலை. அடுத்த தடவை மைக்கைக் குடுக்க தேக்கா மார்க்கெட்டுல சந்திச்சப்போ, வலுக்கட்டாயமா உக்கார வச்சுத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தேன். தொடவே மாட்டேங்கிறார். சூடு ஆறிப்போச்சு பாய், குடிங்கன்னேன். வேற வழியில்லாம கோப்பையைத் தூக்கினார். கோப்பை சாசர்ல தட்டித் தட்டிக் கடகடன்னுச்சு.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. மைக் ஆடலை, பிடிக்கிற கைதான் ஆடுது. விரல் இரும்புக் கூட்டுல தட்டுற சத்தத்தை மைக் அப்படியே வாங்கி ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டிருக்கு. டாக்டர் நரம்புக் கோளாறுன்னு சொல்லிட்டாராம், மருந்து ஓடுதாம். கூட வாசிக்கிறவங்களுக்கு இன்னும் சொல்லலை. சொன்னா, பாவம் யூசுப்னு மரியாதையா உக்கார வச்சிட்டு வேற ஆளைக் கூட்டிட்டு வந்துடுவாங்கன்னு மனுஷனுக்கு உள்ளூரப் பயம். மேசையைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "மத்த நாளெல்லாம் வீட்டுல நான் நோயாளி தங்கச்சி. சனிக்கிழமை மட்டும்தான் நான் யூசுப்."

சேராத ரயில்

மைக்கைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிட்டு வந்தேன். அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது? வில்லை கூட்டைத் தொடாம மிதக்கணும், ஆனா காத்தும் கசியக்கூடாது. கசிஞ்சா கரகரப்பு போயிடும். பஞ்சு வச்சேன், குரல் மூக்கடைச்ச மாதிரி ஆயிடுச்சு. கடையில வாங்கின ரப்பர் ரொம்ப விறைப்பு. கடைசியில என் வீட்டு பிரஷர் குக்கர் வளையத்தை வெட்டினேன். குக்கர் விசிலே அடிக்கலைன்னு என் வீட்டுக்காரர் புலம்பினதை நான் காதுலயே போட்டுக்கலை. வெளிக்கூட்டுக்கு சைக்கிள் டியூபைத் தோல் மாதிரி இழுத்து மாட்டினேன். சத்தம் கூட்டிக் குறைக்கிற, கைபட்டாத் திருகி ஆடுற குமிழையும் கழட்டிட்டேன்.

ஒவ்வொரு தடவையும் கையை வேணும்னே நடுங்க வச்சுக்கிட்டு, ஊதிச் சோதிக்கணும். எனக்கு மவுத் ஆர்கன் வாசிக்கத் தெரியாது. குக்குக்கூ குக்குக்கூன்னு ரயில் போற சத்தம் மட்டும் வரும். அதையே பகல் பூரா ஊதினேன். அக்கம்பக்கம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துச்சு. கடைசியில பக்கத்து வீட்டு சரோஜா அக்கா கேட்டுக்கு வெளிய நின்னு கத்தினாங்க: "ஏன்டி, தினமும் கிளம்புதே உன் ரயில், ஒருநாளாவது ஸ்டேஷன் வந்து சேருமாடி?"

செல்வா கேட்ட கேள்வி

மைக்கை யூசுப் பாய்கிட்ட குடுத்த வாரம், சனிக்கிழமை நானும் கஃபேக்குப் போனேன். மூலையில உக்காந்துக்கிட்டு, என் கையை நானே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். யூசுப் பாய் மைக்கைப் பொத்தினார், ஊதினார். கடகடப்பு துளிகூட இல்லை. கரகரப்பு மட்டும், அப்படியே அடிவயித்துலேருந்து வந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, துடைக்கக்கூடத் தோணலை. என்னைப் பார்த்து அவர் ஒரு சிரிப்புச் சிரிச்சார் பாருங்க, அது போதும்.

இடைவேளையில அவங்க டிரம்மர் செல்வா என் பக்கத்துல வந்து உக்காந்தார். "மைக்கை என்ன பண்ணீங்க அக்கா?"ன்னு கேட்டார். பாய் ரகசியமாச்சே, விடுவேனா? ஒரு ஸ்க்ரூ லூஸா இருந்துச்சுன்னு கூசாமச் சொன்னேன். செல்வா வாசல் பக்கம் திரும்பினார். யூசுப் பாய் வாசல்ல யார்கூடவோ பேசிக்கிட்டிருக்கிறதை ஒருதரம் உறுதிப்படுத்திக்கிட்டு, குனிஞ்சு காதுல சொன்னார்: "அவருக்குக் கை நடுங்குறது எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும்லா அக்கா. அந்தச் சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னுதான் இத்தனை நாளா நான் டிரம்ஸோட இருக்கிற சிம்பல் தட்டைப் போட்டு அந்த அடி அடிச்சேன். இனிமே கொஞ்சம் மெதுவா வாசிக்கலாம். ஆனா எங்களுக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

மைக் செய்யுற பொம்பளையைப் பார்த்து, ரெண்டு பக்கமும் வாயைத் திறக்காதேன்னு உத்தரவு போட்டிருக்காங்க பாருங்க, இதுதான் என் பொழைப்பு.