விரல் நின்ற இடம்

என் மேசை இழுப்பறையின் அடியில் ஒரு நீள நோட்டு கிடக்கிறது. அதன் அட்டை என்றோ பிய்ந்துபோய், பழைய காலண்டர் தாளை மடித்து ஒட்டியிருக்கிறேன். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் வரிகளின் ஓரத்தில் பென்சில் புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீல மையில் ஒரு டிக். நூறு புள்ளிக்கு மேல் இருக்கும். பதினோராம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியின் ஓரத்தில் வைத்த புள்ளி மட்டும் வெகு காலம் டிக் இல்லாமலே கிடந்தது. அந்த ஒரு புள்ளிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே பயமாக இருக்கிறது. எனக்கு எதற்குத்தான் பயமில்லை?

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். முழுப்பரீட்சைக்கு முன்னால் அப்பா படுத்துவிட்டார், அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. டைப்ரைட்டிங் மட்டும் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். வக்கீல் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்ற மனு எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். ஒரு தேதியைத் தப்பாக அடித்துவிட்டால் யாரோ ஒருவர் ஜெயிலுக்குப் போய்விடுவார் என்று நிஜமாகவே நம்பினேன். அடித்த தாளை மூன்று முறை படிப்பேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்துவிடும். பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போன நாட்களும் உண்டு.

அந்தக் கடையின் பின்னறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். எல்லோரும் புரோகிராமர் என்று கூப்பிட்டார்கள். முதலில் அது கேலிப் பெயர்தான். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்பார். நான் சார் என்பேன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். அம்மாவிடம் போனில் பேசும்போது கடை ஓனர் அண்ணன் வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். "மாப்ள, எங்களத்தானே திட்டுற? தமிழ்லயே திட்டு, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்" என்பார். "உங்களத் திட்ட எந்த மொழியிலயும் வார்த்த பத்தாதுண்ணே" என்று இவர் போனைப் பொத்திக்கொண்டே பதில் சொல்வார்.

அவர் தனக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தார். தமிழில் எழுதுவதற்கான ஒன்று, ஒரு பிளாப்பிக்குள் அடங்கிவிடும். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. பிளாப்பியின் மேல் 'சோதனை 7' என்று எழுதியிருந்தது, அதனால் நாங்களும் சோதனை என்றே சொன்னோம். அவருக்கு ஒரு கடிதம்கூட முழுசாக எழுத வராது. முதல் வரியைத் திருத்தித் திருத்தியே தாளைக் கிழித்துவிடுவார். அந்தக் குணத்துக்கு மருந்தாகத்தான் இதைச் செய்தாராம். எஃப் ஐந்து விசையை அழுத்தினால் எழுதிய வரிகள் எல்லாம் மறைந்துபோகும். இப்போது எழுதுகிற ஒரு வரி மட்டும் திரையில் நிற்கும். பின்னால் திரும்பிப் பார்த்து வெட்கப்பட வழி கிடையாது. மறுபடி அழுத்தினால் எல்லாம் திரும்ப வரும். எஃப் இரண்டு சேமிப்பதற்கு. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும், அதற்கு முன் சேமித்தது 'பழசு' என்ற பெயரில் ஒதுங்கி நிற்கும். ஒரே ஒரு பழசுதான். பிளாப்பியில் அதற்குமேல் இடம் போதாது.

தெரிந்தவர்களுக்கு பிளாப்பியைக் கொடுத்துப் பார்த்தார். யாருக்கும் அதை ஓட்டத் தெரியவில்லை. கூடவே அவர் கொடுத்த வழிகாட்டி ஒன்றரைப் பக்கம், முழுக்க விசைகளின் பட்டியல். ஒருநாள் அதை என் மேசையில் வைத்து, "அக்கா, இத மனுசங்களுக்குப் புரியிற மாதிரி எழுதித் தாங்களேன்" என்றார்.

"சார், நான் ஒம்பதாங்கிளாசு."

"அதுக்கென்ன? இந்தக் கடையிலயே எல்லாத்துக்கும் பயப்படுற ஒரே ஆளு நீங்கதான். எத எதத் தொடப் பயமா இருக்கோ, அத எழுதுங்க. அதுக்கு என்ன செய்யணும்னு அடுத்து எழுதுங்க. அம்புட்டுதான்."

பயத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு வார்த்தைக்கா பஞ்சம்? ஒரு வாரத்தில் நோட்டு நிறைந்துவிட்டது. விசைகளின் வரிசையை விட்டுவிட்டேன். பயங்களை வரிசைப்படுத்தினேன். பயம் ஒன்று: எதையாவது அழுத்தினால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமோ? பயம் மூன்று: இப்போது அடித்தது எங்கே போய்விட்டது? பயம் ஐந்து: கரண்ட் போனால் என்ன செய்வது? இப்படிப் பதினெட்டு பயங்கள். ஒவ்வொன்றின் கீழும், வீட்டுக்கு வந்த பெண்பிள்ளையிடம் அடுப்படியில் வைத்துச் சொல்வதுபோல நாலைந்து வரி. அவர் படித்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இத யாராவது படிக்கும்போது பின்னாடி உக்காந்து பாக்கணும்க்கா" என்றார்.

அப்படித்தான் அந்தப் புள்ளிகள் வந்தன. கடைக்கு வருகிறவர்களில் பொறுமையுள்ள ஆளைப் பிடித்து, நோட்டையும் கம்ப்யூட்டரையும் கொடுத்து உட்காரவைப்போம். நோட்டை கார்பன் வைத்து இரண்டு பிரதியாக எழுதியிருந்தேன். ஒன்று அவர்கள் கையில், மற்றது என் மடியில். வாய் திறக்கக் கூடாது. படிக்கிறவர் வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே போவார். எங்கே விரல் நிற்கிறதோ அங்கே என் பிரதியில் ஒரு புள்ளி. முடிந்த பிறகு ஒவ்வொரு புள்ளியையும் காட்டி ஏன் நின்றீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டு, எழுதியதைச் சரிசெய்த பிறகுதான் டிக் போடலாம். ஒரு வக்கீல் குமாஸ்தா தாங்க முடியாமல் திரும்பிப் பார்த்துவிட்டார். "ஏந்தங்கச்சி, திருட வந்தவனப் பாக்குற மாதிரி பின்னாடியே உக்காந்துருக்க? தெரியலைன்னா தெரியலைன்னு நானே சொல்லிருவேன்." ஆனால் யாரும் தெரியவில்லை என்று சொல்வதில்லை. விரல்தான் சொல்லும்.

கடைசியாக ஜெராக்ஸுக்குப் போகுமுன் புரோகிராமரே ஒரு முறை படித்தார். நான் வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்தேன். பதினோராம் பக்கத்தில் பயம் ஆறு: சேமித்தது உண்மையிலேயே சேமிக்கப்பட்டிருக்குமா? அதன் கீழே நான் எழுதியிருந்தேன்: "எஃப் இரண்டை அழுத்துங்கள். உடனே இன்னொரு முறையும் அழுத்துங்கள். இரண்டு முறை அழுத்தினால் மனசு நிம்மதியாக இருக்கும்." அவருடைய விரல் அந்த வரியில் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. நான் புள்ளி வைத்தேன். விரல் மறுபடி நகர்ந்தது.

படித்து முடித்ததும் "நல்லா இருக்குக்கா" என்றார். நான் கேட்டிருக்க வேண்டும். குமாஸ்தாவிடம் கேட்டேன், டீக்கடைக்காரரிடம் கேட்டேன், ஓனர் அண்ணனிடம்கூடக் கேட்டேன். இவரிடம் கேட்கவில்லை. கேட்டால், இது என்ன பூட்டை இழுத்துப் பார்க்கிற புத்தி என்று சிரித்துவிடுவாரோ, படிக்காதவள் எழுதியது என்று மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுவாரோ என்று பயம். மறுநாள் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து முப்பது பிரதி செய்தோம்.

அதில் ஒன்றை வாங்கிப் போனவள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருந்த ஆய்வு மாணவி. அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களின் பெயர்களைப் பற்றி ஆய்வு. எந்தக் கண்மாயில் எந்தத் தெருக்காரர்கள் எந்த மடையில் இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்பதுவரை சேகரித்திருந்தாள். சோதனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "எழுதுனது கண்ணுல படாம இருந்தாத்தான்க்கா எனக்கு எழுத வருது. பாத்தா, இதெல்லாம் எழுதலாமான்னு கை நின்னுருது" என்றாள். தன் அம்மா தண்ணீர் எடுத்த மடையைப் பற்றிய கடைசி அத்தியாயத்தைத் தாளில் எழுதவே இல்லை. பல்கலைக்கழகத்தில் தன் துறையின் கம்ப்யூட்டரில், மறைத்த திரையில், நேராகவே எழுதி முடித்தாள்.

ஆய்வேட்டை ஒப்படைக்க எட்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியான நேரம் பிளாப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வரிகளை மறைக்க எஃப் ஐந்தை அழுத்தப் போய், பக்கத்திலிருந்த எஃப் ஆறை அழுத்திவிட்டாள். அது மொத்தத்தையும் அழிக்கிற விசை. மறைத்தாலும் திரை காலி, அழித்தாலும் திரை காலி. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அவள் மறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சேமித்திருக்கிறாள். புரோகிராமர் பிளாப்பியைப் போட்டுப் பார்த்தார். முதலில் முகத்தில் கவலையே இல்லை. "பயப்படாதீங்க, பழசுல இருக்கும்" என்றார். பழசைத் திறந்தார். அதுவும் காலி. அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தடவ சேமிச்சீங்களா?"

"புத்தகத்துல அப்படித்தானே சார் போட்டுருக்கு."

முதல் முறை சேமித்தபோது அத்தியாயம் பழசுக்குள் போய்ப் பத்திரமாக இருந்திருக்கிறது. இரண்டாவது முறை, காலித் திரை போய் அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. மனநிம்மதிக்காக நான் எழுதிய வரி. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். புரோகிராமர் என் பக்கம் திரும்பவே இல்லை. "புரோகிராம்ல தப்புங்க. ரெண்டு விசையையும் பக்கத்துப் பக்கத்துல வச்சது என் தப்பு" என்றார். அவள் பிளாப்பியை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். அவள் ஏற வேண்டிய பஸ் ஒன்று வந்து போனது, இன்னொன்றும் போனது. அவள் ஏறவில்லை. மூன்றாவது பஸ் வளைவில் தெரிந்தபோதுதான் கிட்டே போய்ச் சொன்னேன்.

"அந்த வரிய எழுதுனது நாந்தாம்மா. அவரு இல்ல."

"எதுக்குக்கா ரெண்டு தடவ?"

"பயத்துலதான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க பயத்துக்கு என் அத்தியாயந்தான் கெடச்சுச்சா?" என்றாள். "நாளைக்குக் காலையில வாம்மா. நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

வந்தாள். நான்கு நாள் பகல் முழுக்க அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பத்து வரிக்கு ஒரு முறை சேமித்தேன், ஒரே ஒரு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டாவது அழுத்தலுக்கு விரல் துடிக்கும். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்வேன். பத்தொன்பது பக்கமாக இருந்த அத்தியாயம் பன்னிரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆய்வேடு குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது, பட்டமும் கிடைத்தது. பிறகு ஒருமுறை கடைக்கு வந்தவளிடம், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல?" என்று ஆசையாகக் கேட்டேன். "முடிஞ்சுச்சுக்கா. ஆனா மொத எழுதுனதுதான் நல்லா இருந்துச்சு. அம்மாவ அந்த மடையில வச்சு மத்த தெருக்காரங்க என்ன பேசுனாங்கன்னு அதுல எழுதியிருந்தேன். உங்க முன்னாடி வச்சு அதெல்லாம் வாயில வரல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

புரோகிராமர் அழிக்கும் விசையைத் தூரத்துக்கு மாற்றினார். ஒரு முறை கேட்டு உறுதி செய்யாமல் பழசின் மேல் எழுதவிடாதபடி செய்தார். புது வழிகாட்டியில் பயம் ஆறின் கீழே நடந்ததை அப்படியே எழுதச் சொன்னார். "இரண்டு முறை அழுத்தச் சொன்னது இதை எழுதியவரின் தவறு, அதனால் ஒருவருடைய எழுத்து போயிற்று" என்று என் கையாலேயே எழுதினேன். ஆனால் புள்ளியைப் பற்றி எழுதவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நாளில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பிளாப்பி போடுகிற கம்ப்யூட்டரும் போயிற்று, சோதனையும் போயிற்று. நோட்டு என்னோடு தங்கிவிட்டது.

போன மாதம், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, நான் இன்னும் வேலை பார்க்கிற அதே கடைக்கு அவர் வந்தார். மாட்டுத்தாவணியில் இறங்கி நேராக இங்கேதான் வந்தாராம். தலை நரைத்திருந்தது. "இன்னும் பூட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாக்கீங்களாக்கா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தேன். எந்தத் தைரியத்தில் நோட்டை எடுத்து நீட்டினேன் என்று தெரியவில்லை. தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஏன் சார் நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"டிக் இல்லையேக்கா, இதுக்கு மட்டும்."

"அது நீங்க நின்ன எடம். அன்னைக்கு ஏன் நின்னீங்க?"

அவர் நோட்டை மேசையில் வைத்தார். "தப்புன்னு தெரிஞ்சுது. பழசு போயிருமேன்னு தோணுச்சு. நீங்க எழுதுனதுல கைவச்சா அதுக்கப்பறம் எழுத மாட்டீங்களோன்னு பயம். எப்படியும் கடைசியில நீங்க கேப்பீங்கள்ல, அப்பச் சொல்லிக்குவோம்னு இருந்தேன். நீங்க கேக்கல."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன் சார்."

அந்த ஆய்வு மாணவிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றார். எங்கே இருக்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. எங்கோ ஒரு கல்லூரியில் இருப்பதாகக் கேள்வி. கட்டாயம் விசாரித்துச் சொல்கிறேன் என்று அவர் கிளம்பிப் போனார். அவர் போன பிறகு நோட்டைத் திறந்து, நீலப் பேனாவால் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் டிக் போட்டேன். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று; முறைப்படி போடலாம். போட்ட பிறகும் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்து, பேனா மறுபடி அதே இடத்துக்குப் போயிற்று. மூடியைப் போட்டு மூடிவிட்டேன்.